கோட்டோவியம் அசையும்போது

ஒரு கஞ்சனை ஆவிகள் வந்து திருத்தும் கதையான டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' எத்தனையோ தடவை அனிமேஷன் ஆகியிருக்கிறது. ஆனால் அது ஒரு பேய்க்கதை என்பதை மறக்காதது ரிச்சர்ட் வில்லியம்ஸ் 1971இல் எடுத்த, அரைமணி நேரம்கூட ஓடாத படம்தான்.

1843 முதல் பதிப்புக்கு ஜான் லீச் வரைந்த படங்களின் பாணியைத்தான் பிடித்திருக்கிறார்கள். நெருக்கமான கோடுகளே நிழல். தாளில் அழகு, அசைத்தால் தலைவலி! விநாடிக்கு 24 பிரேம். ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 12 ஓவியங்கள் வேண்டும். அடுத்தடுத்த ஓவியத்தில் கோடுகளின் இடைவெளியோ சாய்வோ பிசகினால் முகத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி நிழல் நடுங்கும். கோடுகள் கன்னத்தின் வளைவோடு சேர்ந்தே திரும்பணும். தலை வேகமாகத் திரும்பும்போது கோடுகளைக் குறைத்துவிடலாம், கண்ணுக்குத் தெரியாது.

அதே நடுக்கத்தை வேண்டுமென்றே பயன்படுத்திய இடமும் உண்டு. கஞ்சனுக்கு அவனுடைய பழைய நாட்களைக் காட்ட வரும் கடந்தகால ஆவியின் உருவம் நிலையில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும் என்கிறது புத்தகம். பலரும் அதை ஒரு சாதாரண உருவமாக்கிவிடுவார்கள். இதில் பல முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மினுங்கும். சுரங்கத் தொழிலாளர், கலங்கரை விளக்கம், கப்பல் என்று மற்றவர்கள் வெட்டியெறியும் பகுதியும் இருக்கிறது.

முதலில் டிவியில் வந்து, பிறகு தியேட்டருக்குப் போய், குறும்பட அனிமேஷனுக்கான ஆஸ்கர் வாங்கியது. டிவியில் முதலில் வந்த படத்துக்கு ஆஸ்கரா என்று சர்ச்சை கிளம்பியது; அப்படிப்பட்ட படங்கள் இனி போட்டியிட முடியாதபடி, ஆஸ்கர் வழங்கும் அகாடமி விதியையே மாற்றியது.

சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் கவனிக்க: கஞ்சனின் இறந்துபோன கூட்டாளி மார்லி ஆவியாக வந்து, தலையைச் சுற்றிய துணிக்கட்டை அவிழ்த்ததும் தாடை தொங்கிவிடும். அந்த இடம் நிஜமாகவே பயமுறுத்தும்.