நிக்கோடின் கம் வேலை செய்யவில்லையா? மென்ற விதத்தைப் பாருங்கள்

சிகரெட்டை விட உதவும் நிக்கோடின் கம்மைப் பற்றி "கம் எல்லாம் மென்னு பார்த்தாச்சு, ஒண்ணும் நடக்கல" என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்படி மென்றார் என்பதைத்தான். பெரும்பாலும் சூயிங்கம் மாதிரி பரபரவென்று மென்று, ஊறும் காரத்தை எச்சிலோடு விழுங்கியிருப்பார். நிக்கோடின் வாயின் உட்புறத் தோல் வழியாக ரத்தத்தில் ஏற வேண்டும். வயிற்றுக்குப் போனதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். கைக்குக் கிடைப்பது விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலும்தான்.

கம்மை வாயில் போட்டு மெதுவாகக் கடியுங்கள். நாக்கில் மிளகுக் காரம் போலச் சுள்ளென்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் காரம் அடங்கும். மறுபடி நாலைந்து கடி, பிறகு வாயின் மறுபக்கத்தில் ஒதுக்கல். இப்படி அரை மணி நேரம். கடித்துக்கொண்டே இருந்தால் தாடை வலிக்கும். காபி, எலுமிச்சை ஜூஸ், கோலா எல்லாம் வாயைப் புளிப்பாக்கி நிக்கோடினை ஏறவிடாமல் செய்யும். அதனால் மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, துப்பும்வரை தண்ணீர் மட்டும்.

அடுத்த தப்பு அளவில். எழுந்த அரை மணிக்குள் முதல் தம் அடிப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கிடைப்பது 2 மி.கி.தான், 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் எந்த அளவானாலும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. முதல் 6 வாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம், அதாவது நாளுக்குக் குறைந்தது 9. "ரொம்ப முடியலேன்னா ஒண்ணு போட்டுக்கறேன்" என்று மூன்று நான்கோடு நிறுத்துபவர்தான் பத்தாம் நாள் பெட்டிக்கடையில் நிற்கிறார். சிகரெட்டின் நிக்கோடின் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். கம் முழுசாக வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஆசை எழுந்த பிறகு மென்றால் பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு ஓடுவது போலத்தான். கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். 7 முதல் 9 வாரம் வரை இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, 10 முதல் 12 வரை நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று.

நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் பிடித்தவருக்கு 21 மி.கி. பேட்ச்சும் (தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டை) கம்மும் சேர்ந்தால் தனித்தனியாக எடுப்பதைவிடப் பலன் அதிகம். டாக்டரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊர் வியர்வையில் பேட்ச் உரிந்து வருவது சகஜம். குளித்து, நன்றாகத் துடைத்து, பவுடர் எண்ணெய் எதுவும் இல்லாத, முடியில்லாத மேல்கையில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள். மறுநாள் வேறு இடம். கனவு தொல்லை கொடுத்தால் படுக்கும்போது உரித்துவிடலாம். உரித்ததை ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று டீ, காபி. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கி, காஃபினை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகை நின்றால் அந்த வேகமும் சில நாளில் குறையும்; அதே நாலு டீ ரத்தத்தில் கூடுதல் காஃபினாகத் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை, எரிந்து விழுவது எல்லாவற்றையும் "தம் இல்லாததால்" என்று கணக்கெழுதுகிறோம். அதில் ஒரு பங்கு, டீயின் வேலையாக இருக்கலாம். விட்ட அன்றே டீயைப் பாதியாக்குங்கள். இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்கு ஓலன்ஜபின், க்ளோசபின் எடுப்பவர்கள் விடும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தளவை மாற்ற நேரலாம்.

மிக மோசமானவை இரண்டாம், மூன்றாம் நாட்கள். எரிச்சல் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். மலச்சிக்கல் வரலாம், இருமல்கூடச் சில நாள் கூடலாம்; பயந்து திரும்ப வேண்டாம். ஒவ்வொரு ஆசை அலையும் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் வடிந்துவிடும்.

நம் ஊரில் பாக்கெட்டைவிட ஆபத்து உதிரி சிகரெட். முழுப் பாக்கெட் வாங்கக் கை கூசும், ஒன்றுக்குக் கூசாது. டீக்கடைப் பாக்கியைத் தீர்த்துவிட்டு, ஒரு மாதத்துக்குச் சிகரெட் விற்காத கடையாகப் பாருங்கள். ஹான்ஸ், கூல் லிப் பக்கம் போவது அதே நிக்கோடினைப் புகையிலையோடு வாயில் அடக்குவது. இ-சிகரெட்டுக்கு 2019 முதல் இந்தியாவில் தடை.

ஒன்று பிடித்துவிட்டால் கம்மைத் தூக்கி எறியாதீர்கள், அடுத்த நேரத்துக்கு அடுத்த கம் போடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1800 112 356, கட்டணமில்லாத எண், சிகரெட் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். குறைக்கும் வாரங்களில் கம்மைக் கத்தரியால் பாதியாக்கலாம், இடையிடையே சர்க்கரையில்லாத சாதா சூயிங்கம் போடலாம். 12 வாரம் முடிந்த பிறகும் சட்டைப் பையில் இரண்டு கிடக்கட்டும், கல்யாண வீட்டு மொட்டை மாடியில் தேவைப்படும்.