வழவழப்பு வேண்டாத திருகு

லேத்தில் கடைந்து வரும் உருப்படிகளின் பரப்பை அளந்து சொல்வது என் பிழைப்பு. ஊசிமுனை உலோகத்தின்மேல் ஊர்ந்துபோகும், திரையில் கோடு விழும். கோடு எவ்வளவு தட்டையாக வருகிறதோ அவ்வளவுக்கு எல்லோருக்கும் நிம்மதி. ஆகவே கடைவாய்ப் பல் போன இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு, வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், வலிக்குமா என்று கேட்பதற்கு முன்பே, "சர்ஃபேஸ் ஃபினிஷ் எப்படி சார்?" என்று கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றை நீட்டினார். சாம்பல் நிறம், மருந்துக்கும் மினுக்கம் இல்லை. எங்கள் பட்டறையில் இப்படி ஒன்று வந்தால் அன்றைக்கே ரிஜெக்ட்.

இம்ப்ளான்ட் என்றால் எல்லோரும் உலோகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். டைட்டானியம் நல்ல உலோகம்தான், மறுக்கவில்லை. 1950களில் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்பவர் முயலின் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப்போனால் வரவில்லை, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. 1965இல் முதல் நோயாளிக்கே வைத்துவிட்டார். ஆனால் உடம்பு அந்த உலோகத்தை நேரடியாகத் தொடுவதே இல்லை. காற்றுப் பட்ட கணமே டைட்டானியத்தின்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படர்ந்துவிடும். எலும்பு செல்லுக்குத் தெரிவது அந்தப் படலமும் அதன் மேடுபள்ளமும்தான்.

முதல் தலைமுறைத் திருகுகள் லேத்தில் கடைந்தபடியே வைக்கப்பட்டவை. கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் வேண்டுமென்றே சொரசொரப்பாக்கினார்கள். இன்று பரவலாக இருக்கும் முறை இரண்டு படி கொண்டது. முதலில் கால் முதல் அரை மில்லிமீட்டர் வரையுள்ள அலுமினா (அலுமினிய ஆக்சைடு) துகள்களை வேகமாக வீசி அடிப்பார்கள். பத்து இருபது மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் பெரிய பள்ளங்கள் விழும். பிறகு ஹைட்ரோகுளோரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையைச் சூடாக்கி அதில் முக்குவார்கள். பெரிய பள்ளத்துக்குள்ளே ஓரிரண்டு மைக்ரானில் குட்டிக் குழிகள் உண்டாகும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் பார்த்தால் குழிக்குள் குழி. ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரத இழைகள் அந்தக் குழிகளில் பற்றிக்கொள்ள, அவற்றைப் பிடித்துக்கொண்டு எலும்பு செல்கள் திருகுவரை வந்து சேர்கின்றன. காத்திருப்பு ஆறு முதல் எட்டு வாரமாகச் சுருங்கியது இதனால்தான்.

அப்படியானால் இன்னும் சொரசொரப்பாக்கினால் இன்னும் நல்லதா? அதுதான் இல்லை. சராசரி மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரானுக்குள் இருப்பதைத்தான் 'மிதமான சொரசொரப்பு' என்கிறார்கள், எலும்புக்குப் பிடித்தது அந்த அளவுதான். அதற்கு மேலே போனால் எலும்புக்கு லாபம் இல்லை, கிருமிக்குத்தான் வசதி. ஈறு இறங்கித் திருகின் உடம்பு வெளியே தெரிந்துவிட்டால், அந்தக் குழிகளில் சேரும் அழுக்கை எந்த பிரஷ்ஷாலும் முழுசாக எடுக்க முடியாது. கழுத்துப் பகுதியை மட்டும் வழவழப்பாக விடும் வடிவமைப்புகள் இந்தப் பயத்தில் வந்தவைதான். எலும்பில் உள்ள தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டையே மேலே பூசிப் பார்த்த காலமும் ஒன்று உண்டு. கனமான பூச்சு சில திருகுகளில் உலோகத்திலிருந்து பெயர்ந்து வந்தது. பூசியது என்றைக்காவது உரியும் என்று பட்டறையில் எந்தப் பையனும் சொல்லியிருப்பான். உலோகத்திலேயே வெட்டி எடுத்த சொரசொரப்பைத்தான் நான் நம்புவேன்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. அமிலத்தில் அரித்த பரப்பு காற்றில் கிடந்தால் கார்பன் கசடு படிந்து, தண்ணீர் விட்டால் தாமரை இலையில் போல உருளும். அதையே காற்றுப் படாமல் நைட்ரஜன் சூழலில் கழுவி உப்பு நீருக்குள் அடைத்து வைத்தால் துளி அப்படியே படர்ந்துவிடுகிறது. ரத்தமும் அப்படித்தான் உள்ளே இறங்கும்.

டைட்டானியத்துக்குப் பதிலாகச் சிர்கோனியாவில் செய்த திருகும் உண்டு. வெள்ளையாக இருக்கும், மெல்லிய ஈறு வழியே கருமை தெரியாது. ஆனால் அது பீங்கான் வகை, வளையாது, உடையும். முன்பல்லுக்கு யோசிக்கலாம். கடைவாய்க்கு நான் டைட்டானியம் பக்கம்தான். இடம் குறுகலாக இருந்தால் சுமார் 15% சிர்கோனியம் கலந்த டைட்டானியக் கலவை கிடைக்கிறது, மெலிந்த திருகுக்கு அதன் வலிமை உதவும்.

வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் பெட்டியின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டி வையுங்கள். விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். பல கம்பெனிகள் பரப்பின் வகையையும் போடுகின்றன. பத்து வருஷம் கழித்து வேறொரு டாக்டர் அந்தத் திருகுக்குப் பொருந்தும் உதிரியைத் தேடும்போது அந்தத் துண்டுக் காகிதம் வேண்டியிருக்கும்.