பழைய மேனுவல் லென்ஸ், புதுக் கேமரா: பாம்பன் கரையில் செய்து பார்த்தது

பழைய லென்ஸ் பற்றிப் பேச்சு எடுத்தால் கடைசியில் அது பின்னணி மங்கலில்தான் போய் நிற்கும். ஒரு லென்ஸ் பின்னணியைச் சுழற்றும், இன்னொன்று சோப்புக்குமிழி போடும் என்று ஆளாளுக்கு ஒரு பெருமை. நானும் அந்த ஆசையில்தான் ஆரம்பித்தேன், ஒளிப்பானேன். ஆனால் பாம்பன், மண்டபம், தனுஷ்கோடி என்று இந்தக் கரையில் சுற்றிச் சுற்றி எடுத்ததில் எனக்குப் பிடித்துப்போனது லென்ஸின் உடம்பில் பொறித்திருக்கும் தூர அளவுகோல். இன்றைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றில் அது கிடையாது. இருக்கிற அளவுகோலை நம்பும்படி ஆக்குவதற்கு மட்டும் கொஞ்சம் தகர வேலை பார்க்க வேண்டியிருந்தது.

சாமான்கள் இவை. கேமரா, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சோனி ஆல்ஃபா 7 மார்க் 2. முழு ஃப்ரேம், 24 மெகாபிக்சல், கை நடுக்கத்தை உடம்பே சமாளிக்கும். லென்ஸ் மூன்று (எஃப் என்பது ஒளி புகும் துவாரமான அப்பர்ச்சரின் அளவு; எண் சிறிதானால் துவாரம் பெரிது): பென்டாக்ஸ்-எம் 28 மி.மீ. எஃப் 2.8, பென்டாக்ஸ்-எம் 50 மி.மீ. எஃப் 2, ஹீலியோஸ் 44-2. பென்டாக்ஸ் இரண்டும் பெரியப்பாவின் ஸ்டூடியோவில் கே1000 கேமராவோடு இருந்தவை. 1976 முதல் 1997 வரை தயாரான கேமரா அது. பேட்டரி தீர்ந்தாலும் மீட்டர்தான் நிற்கும், ஷட்டர் நிற்காது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் அந்த 50-லேயே ஓடியிருக்கிறது. ஹீலியோஸை நான் தனியாக வாங்கினேன். சோவியத் ஜெனிட் கேமராக்களோடு வந்த 58 மி.மீ. எஃப் 2 லென்ஸ்; ஜெர்மானிய ஜெய்ஸ் பயோட்டாரை ஒட்டிச் செய்தது. மூன்றுக்குமே ஃபில்டர் அளவு 49 மி.மீ. என்பதால் ஒரே ஃபில்டர், ஒரே ஹூட் போதும். இது திட்டம் போட்டு அமைந்ததல்ல, அதிர்ஷ்டம்.

பழைய லென்ஸ் எப்படிப் புதுக் கேமராவில் உட்காருகிறது என்று கேட்பவர்களுக்கு: லென்ஸின் பின்முகத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு மவுண்டுக்கும், அதாவது லென்ஸ் மாட்டும் வாய்க்கும், ஒரு கணக்கு உண்டு. ஹீலியோஸின் எம்42 திருகு மவுண்டுக்கும் பென்டாக்ஸ் கே மவுண்டுக்கும் அது 45.46. சோனி மிரர்லெஸ், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாததால் வெறும் 18. மிச்சம் 27.46 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெற்றுக் குழாய், அதுதான் அடாப்டர். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை. இதே லென்ஸ்களை பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டினால் அந்தப் பக்கக் கணக்கு 46.5 ஆகிவிடுகிறது, லென்ஸ் தள்ளி நிற்கும், தூரத்தில் ஃபோகஸ் வராது. மிரர்லெஸ் வந்த பிறகு பழைய லென்ஸ்களுக்கு மவுசு கூடியதன் காரணம் இவ்வளவுதான்.

கேமராவில் மாற்ற வேண்டியது இரண்டு. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும் என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். அடாப்டரில் மின்தொடர்பு இல்லாததால் கேமராவைப் பொறுத்தவரை அங்கே லென்ஸே இல்லை. அப்புறம் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனுக்கு ஃபோகல் லெங்த்தை, அதாவது லென்ஸின் மி.மீ. எண்ணை, நாமே தட்டிக் கொடுக்க வேண்டும். 58-க்கு மாறிவிட்டு 28 என்றே விட்டுவைத்தால், ஆட வேண்டிய அளவில் பாதிதான் சென்சார் ஆடும்.

இனி தகர வேலை. மலிவு அடாப்டர்களைப் பெரும்பாலும் வேண்டுமென்றே ஒரு மயிரிழை குட்டையாகத்தான் செய்கிறார்கள். நீளம் கூடிப்போனால் இன்ஃபினிட்டி, அதாவது தொலைதூர ஃபோகஸ், கிடைக்காது, வாங்கியவன் திட்டுவான். குறைந்தால் பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்தது பாம்பன் கரையில். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் நடுவே கப்பலுக்காகத் தூக்குகிற பகுதி இருக்கிறதல்லவா, அதன் கோபுரத்தை வைத்துத்தான் சோதித்தேன். குறுக்கு நெடுக்காக இரும்புச் சட்டங்கள். ஃபோகஸ் பார்க்க அதைவிட நல்ல பொருள் இந்தப் பக்கம் கிடையாது. ஸ்டாண்டில் வைத்து, 11.7 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், 28-ல் கோபுரம் துல்லியமாகும்போது வளையம் கிட்டத்தட்ட 8 மீட்டரைக் காட்டுகிறது. அதைத் தாண்டி இன்ஃபினிட்டிவரை திருப்பினால் கோபுரம் மறுபடி மங்குகிறது.

கணக்குப் போட்டால் புரிகிறது. அடாப்டர் 0.1 மி.மீ. குட்டை என்று வைத்துக்கொள்வோம். 28-ஐ 28-ஆல் பெருக்கி 0.1-ஆல் வகுத்தால் 7840 மி.மீ., அதாவது 8 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஹீலியோஸுக்கு அதே கணக்கு 33 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே அளவுகோலில் பெரிய இடைவெளியே இல்லாததால் தவறு கண்ணில் படாது. லென்ஸின் பார்வை அகலமாக ஆக ஆக, அதாவது மி.மீ. எண் குறையக் குறைய, அடாப்டரின் ஒரு மயிரிழை அளவுகோலையே பொய்யாக்கிவிடும். திரையைப் பார்த்துத் திருகுபவர்களுக்கு இதனால் நட்டமில்லை. அளவுகோலை நம்பி எடுக்க நினைப்பவனுக்குத்தான் தலைவலி.

மருந்து கூல்டிரிங்ஸ் டின்னில் இருந்தது. அதன் பக்கத் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். அடாப்டரின் முன்வளையம் குட்டித் திருகாணிகளில்தான் நிற்கிறது. அதைக் கழற்றி, திருகாணிகளுக்கு நடுவே ஒரே அளவில் வெட்டிய தகட்டுத் துண்டுகளைச் சம இடைவெளியில் வைத்து முடுக்கினேன். கத்தரிக்கோலில் வெட்டும்போது ஓரம் மடங்கிப் பிசிறு நிற்கும். அது இருந்தால் கனக் கணக்கு போச்சு. கரண்டியின் முதுகால் தேய்த்துத் தட்டையாக்கி, விரல் நுனியால் தடவிப் பார்த்து, உரசல் இல்லை என்றானதும் உள்ளே வைத்தேன். சாய்ந்து உட்கார்ந்தால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும் என்பதால் கோபுரத்தை ஃப்ரேமின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். இப்போது 28-ல் இன்ஃபினிட்டி அதன் இடத்திலேயே விழுகிறது. அதே மவுண்டுதான் என்றாலும் 50-க்கென்று தனி அடாப்டர். அதற்கும் ஒரு தகடு.

இதற்கெல்லாம் தூண்டுகோல் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள். கடலில் முங்கி எடுத்த பாசிச் சாக்கோடு கரையேறும்போது, எடுக்கலாமா அக்கா என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். எடு தம்பி என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடப்பார்கள். ஈரத் துணி, தலைச்சுமை, யார் நிற்பார்கள்? நான் ஃபோகஸ் பீக்கிங்கை நம்பி வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கூர்மையான ஓரங்களில் சிவப்புக் கோடு காட்டும் வசதி அது. வீட்டுக்குள் அருமையாக வேலை செய்யும். கடல் பக்கம் திரும்பினால் மினுங்குகிற ஒவ்வொரு சிற்றலையும் சிவப்பாகிவிடுகிறது, ஃபோகஸில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்தப் பெண்களில் ஒரு அக்கா கேட்டார்: “என்ன தம்பி, ரேடியோவுல டேசன் புடிக்கிற மாதிரி திருகிக்கிட்டே இருக்க?”

சரி, திருகவே வேண்டாம் என்று முடிவு கட்டியது அன்றைக்குத்தான். 28-ஐ எஃப் 8-ல் வைத்து 3.3 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 1.65 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவில் விழும். இந்தக் கரையில் அந்த அளவை மனசில் வைத்துக்கொள்வது சுலபம். ஆழத்தையும் கயிற்றையும் பாகக் கணக்கில் சொல்கிற ஊர். இரு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. ஆக, ஃபோகஸ் இரண்டு பாகத்துக்கு ஒன்றரைச் சாண் குறைவில். ஒரு பாகத்துக்கு அப்பால் நிற்கிற எதுவும் எனக்குச் சொந்தம். ஒரே ஒரு திருத்தம்: எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை தெளிவாக விழும் என்று காட்டும் லென்ஸின் ஆழக் கோடுகள் ஃபிலிம் காலத்துப் பிரிண்ட் அளவுக்குப் போட்டவை. 24 மெகாபிக்சலை முழுசாகப் பெரிதாக்கிப் பார்த்தால் கடைசி ஓரங்கள் கொஞ்சம் சொதசொதவென்று இருக்கும். அதனால் எஃப் 8-க்கான இடத்தில் வளையத்தை வைத்துவிட்டு, எஃப் 11-ல் எடுக்கிறேன். நம் வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 11 என்றால் ஷட்டர் 1/800 வரும். தலைச்சுமையோடு வேகமாக நடப்பவர்களை நிறுத்த அது தாராளம்.

தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கும் இடத்தில் இந்த முறை இன்னும் நன்றாக உதவியது. இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னோக்கி நடந்து வருவார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் முன்னால் பிடித்துக்கொள்வார். வரிசை எப்போதும் உருண்டுகொண்டே இருக்கும். யார் எப்போது கேமராவுக்கு முன் வருவார் என்று சொல்ல முடியாது. ஆட்டோஃபோகஸ் கயிற்றைப் பிடிக்கும், அலையைப் பிடிக்கும், ஆளைத் தவிர எல்லாவற்றையும் பிடிக்கும். அளவுகோலில் வைத்த லென்ஸுக்குத் தேர்ந்தெடுக்கிற வேலையே இல்லை. கேமராவை மார்பு உயரத்தில் பிடித்து, முகத்தில் வைக்காமலேயே எடுத்தேன். மணலில் பதிந்த குதிகால், கயிற்றில் சொட்டுகிற தண்ணீர், தூரத்தில் மிதக்கிற வள்ளம் மூன்றும் ஒரே படத்தில் தெளிவாக வந்தன. இந்த வேலைக்காக மட்டுமே 28-ஐ வைத்துக்கொள்ளலாம்.

சுழல் எங்கே என்று கேட்பீர்கள். ஹீலியோஸை முழுசாகத் திறந்தால் ஓரத்து ஒளிப்பொட்டுகள் வட்டமாக இல்லாமல் பூனைக்கண்ணாகக் குறுகி, நடுவைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும். அதைத்தான் சுழல் என்கிறோம். அதற்குப் பின்னணியில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வேண்டும். கடலும் வானமும் வெறும் நீலம், அங்கே சுழற்ற என்ன இருக்கிறது? வேதாளைப் பக்கம் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே மாலை வெயில் எதிரே வரும்போதுதான் கிடைத்தது. ஆள் ஒன்றரை, இரண்டு மீட்டரில், மரம் சில மீட்டர் பின்னால். வெட்டி வெட்டித் தீராத அந்த மரத்தால் ஒரு பயனாவது உண்டு.

முழுசாகத் திறப்பதிலும் ஒரு சிக்கல். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு எஃப் 16, 1/100 என்பது பழைய பாடம். அதிலிருந்து எஃப் 2-க்கு வந்தால் 1/6400. வெள்ளை மணலில் இன்னொரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாக, கூடும், 1/12800. இந்தக் கேமரா 1/8000-ஓடு நின்றுவிடும். மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் 1/1600-க்கு இறங்கிவிடுகிறது. ஹீலியோஸில் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையம்: ஒன்றில் எவ்வளவு என்று குறித்து வைக்கலாம், மற்றது கிளிக் இல்லாமல் வழுக்கித் திறந்து மூடும். திறந்து ஃபோகஸ் பார், கண்ணை எடுக்காமல் தட்டும் வரை மூடு, எடு. பழகிவிட்டால் கை தானாகச் செய்யும்.

எதிர்வெளிச்சம் இந்த லென்ஸ்களுக்கு ஆகாது, குறிப்பாக ஹீலியோஸுக்கு. ஒற்றைப் பூச்சுக் கண்ணாடி. படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல் வெளுக்கும். அதனால் எந்தக் கடலை எப்போது எடுப்பது என்பது முக்கியம். ராமேஸ்வரம் தீவில் தெற்கே மன்னார் வளைகுடா, இங்கே ஆண்கடல். வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல். ஐப்பசி தொடங்கி மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் ஆண்கடலைப் பார்த்து நின்றால் நாள் முழுக்க எதிர்வெளிச்சம்தான். பெண்கடலுக்கு அப்போது முதுகில் வெயில். நீலப்பச்சை நீர் அப்படியே வரும். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே போகிறது, ஆனால் தலைக்கு மேல் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த மாதமானாலும் 49 மி.மீ. உலோக ஹூட் கழற்றப்படுவதில்லை.

பராமரிப்பு சுருக்கமாக. கச்சான் காற்று அடிக்கிற நாளில் கரையில் லென்ஸ் மாற்றுவதில்லை. பொடி மணல் ஃபோகஸ் மரையில் புகுந்தால் கரகரவென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கு நான் பயந்தவன். உப்புத் துளி காய்ந்தபின் உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பே உப்புத்தாளாகிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி, பிறகுதான் துடைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் தகட்டுக்கு ஓடும். ஹீலியோஸில் ஸ்பிரிங் வேலை இல்லாததால் எண்ணெய் பட்டாலும் ஓட்டிவிடலாம்; பென்டாக்ஸில் தகடு ஒட்டிக்கொள்ளும்.

பூஞ்சைதான் பெரிய எதிரி. பெரியப்பாவின் 50, தோல் உறைக்குள் வருஷக்கணக்கில் கிடந்து சிலந்தி வலை பின்னியிருந்தது. மதுரையில் ஒரு மெக்கானிக் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். பூச்சில் அரித்த தடம் போகவில்லை, படத்தில் தெரியவும் இல்லை. இப்போது மூன்றும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், உள்ளே ஒரு குட்டி ஈரப்பத மீட்டர், சிலிக்கா ஜெல். 40-லிருந்து 50 சதவீதம் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். நீல மணி ரோஸ் ஆனதும் வறுத்து மறுபடி போடலாம். அதற்கென்று தனிச் சட்டி வேண்டும், சமையல் சட்டி கூடாது, அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது.

ஹீலியோஸின் அடாப்டருக்கு இன்னும் தகடு வைக்கவில்லை, அதற்கு அவசரமும் இல்லை. அடுத்ததாக அதை எடுத்துக்கொண்டு காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக வேண்டும். இலைக்கு இலை நடுவே வெளிச்சம் உடைந்து வருகிற இடம். படகு ஆடும்போது எஃப் 2-ல் ஃபோகஸ் நிற்குமா, 2.8-க்கு மூடினால் சுழல் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.