தலைவனில்லாத நடை

மண்டபம் கரையில் இன்று காலை வலையிலிருந்து உதறி எறியப்பட்ட நட்சத்திர மீன் ஒன்று, கணுக்கால் அளவு நீரில் மல்லாந்து கிடந்தது.

ஐந்து கரங்களின் அடிப்புறப் பள்ளங்களிலும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் தத்தம் போக்கில் நீண்டு துழாவின. சற்று நேரத்தில் ஒரு கரத்தின் நுனி முறுக்கித் திரும்பித் தரையைப் பற்றியது. பக்கத்துக் கரமும் சேர்ந்துகொள்ள, மற்றவை பிடிவாதத்தை விட, உடல் மெல்லப் புரண்டது.

ஒவ்வொரு காலின் மேல்முனையிலும் உடலுக்குள் ஒரு சிறு நீர்ப்பை உண்டு. அது சுருங்கினால் நீர் பாய்ந்து கால் நீளும். காலின் தசைகள் சுருங்கினால் நீர் பைக்குத் திரும்பிக் கால் குறுகும். உறிஞ்சிப் பிடிக்கிறது என்று பாடப்புத்தகங்கள் சொன்னாலும், பிடிப்பில் பெரும்பங்கு கால்நுனி சுரக்கும் பசைக்குத்தான்; அதை விடுவிக்கத் தனிச் சுரப்பும் இருக்கிறது.

இவ்வளவையும் மேற்பார்க்க மூளை கிடையாது.

வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அதிலிருந்து கரத்துக்கு ஒன்றாக ஆர நரம்பு, அவ்வளவே. நீள்வதையும் ஒட்டுவதையும் பெரும்பாலும் அந்தந்த இடத்து நரம்புகளே பார்த்துக்கொள்கின்றன. இரையின் வாடையை உணர்ந்த கரம் முன்செல்ல, அச்செய்தி வளையத்தின் வழியே மற்றவற்றுக்குப் பரவுகிறது. அடுத்த முறை வேறொரு கரம் முன்செல்லலாம்.

மையக் கட்டளை இன்றி ஒழுங்கு இல்லை என்ற நம் எண்ணம், முதுகெலும்புள்ள உயிர்களையே பார்த்துப் பழகியதால் வந்திருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் அவ்வளையத்தை வெட்டிப் பார்த்த ஆய்வாளர்கள், கால்கள் நடப்பதை நிறுத்தாமல், கரங்களுக்கிடையேயான ஒத்திசைவு மட்டுமே அறுந்துபோனதைக் கண்டார்கள்.