ஹரித்துவாரில் பெயர்களைக் காக்கும் ஒரு தீர்த்த புரோகிதர்

முக்தி தரும் நகரங்கள் ஏழனுள் மாயாபுரி என்று போற்றப்படும் ஹரித்துவாருக்கு நம்மவர்கள் பெரும்பாலும் பத்ரிநாத், கேதார்நாத் செல்லும் வழியில்தான் வருகிறார்கள். ஹர் கீ பௌரியில் பிரம்மகுண்டத்தில் ஒரு முழுக்கு, அந்தியில் கங்கை ஆரத்தி, விடிந்ததும் ரிஷிகேசம் என்று ஊரைக் கடந்துவிடுகிறோம். இந்த முறை, தில்லியில் எங்கள் அடுத்த வீட்டில் வசிக்கும் பஞ்சாபிப் பெரியவர் காலமான தம் தமையனாரின் அஸ்தியைக் கங்கையில் கரைக்கப் புறப்பட்டபோது, துணையாக நானும் சென்றேன். அதனால், பிறர் குடும்பத்து முன்னோர்களின் பெயர்களைக் காப்பதற்கென்றே தம் வாழ்நாளைக் கொடுத்திருக்கும் ஒரு தீர்த்த புரோகிதரின் அருகில் அமரும் பேறு எனக்குக் கிடைத்தது.

வடக்கே இவர்களைப் பண்டா என்கிறார்கள். இவர்கள் வழிவழியாக எழுதிவரும் வம்சாவளிப் பதிவேடுகளுக்குப் பஹி என்று பெயர். யாத்திரிகர்களின் பூர்விக மாவட்டம், ஊர், சாதி ஆகியவற்றின்படி குடும்பங்கள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவும் ஒரு பண்டா குடும்பத்தின் பொறுப்பில் இருக்கிறது. அந்தப் பொறுப்பு தந்தைக்குப் பின் மகனுக்கு வருகிறது. வருகின்ற ஒவ்வொருவரும், முன்பு வந்து போனபின் தம் வீட்டில் நிகழ்ந்த பிறப்பு, திருமணம், இறப்பு அனைத்தையும் சொல்லி எழுதவைத்து, கீழே தாமே கையொப்பமிட்டுச் செல்ல வேண்டும் என்பது மரபு.

குஷாவர்த்தம் என்ற படித்துறையில் பித்ரு காரியங்களை முடித்துக்கொண்டு, அதற்கு அண்மையிலுள்ள சந்தில் அந்தப் புரோகிதருடைய சிறிய அறைக்குச் சென்றோம். அவர் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. பூர்விக ஊர் எது என்றுதான் முதலில் கேட்டார். பெரியவர் குஜ்ரன்வாலா மாவட்டத்தில் ஒரு கிராமத்தைச் சொன்னார். இன்று பாகிஸ்தானில் இருக்கும் அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. புரோகிதர் சற்றே கண்ணை மூடி யோசித்துவிட்டு, தம் மகனிடம் எந்தப் பெட்டியில் எத்தனையாவது கட்டு என்று சொல்ல, அவன் சிவப்புத் துணி சுற்றிய நீண்ட சுருளொன்றை எடுத்துவந்தான். ஒரு முழத்துக்கும் மேல் நீளமுள்ள குறுகலான தாள்கள், தலைப்பக்கத்தில் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. அவற்றை மடியில் விரித்து, எழுத்தின்மீது விரல் படாமல் ஓரத்தைப் பிடித்தே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனவர், ஓரிடத்தில் நிறுத்தி உரக்க வாசிக்கத் தொடங்கினார்.

விக்கிரம சம்வத் 2005, அதாவது 1948ஆம் ஆண்டுப் பதிவு அது. பெரியவரின் தந்தை தம் தாயாரின் அஸ்தியுடன் வந்திருக்கிறார். முகவரி என்ற இடத்தில் தில்லி கிங்ஸ்வே அகதிகள் முகாம் என்று இருக்கிறது. அதற்கும் முன்னே சம்வத் 1968இல், அதாவது 1911 வாக்கில், பாட்டனார் உருதுவில் கையொப்பமிட்டிருக்கிறார். வீடு, நிலம், பத்திரங்கள் எல்லாம் எல்லைக்கு அப்பால் போய்விட்ட ஒரு குடும்பத்தின் வரலாறு கங்கைக்கரையில் ஒரு சந்துக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. தந்தையின் கையெழுத்தைக் கண்டதும் பெரியவரால் பேச முடியவில்லை. புரோகிதர் அவசரப்படுத்தாமல், மேலும் மேலும் பின்னோக்கிச் சென்று, ஏழு தலைமுறைப் பெயர்களைச் சொல்லி முடித்தார்.

தர்ப்பணத்தில் நாம் தந்தை, பாட்டனார், அவருடைய தந்தை என மூவரை வசு, ருத்திர, ஆதித்திய வடிவினராக நினைந்து எள்ளும் நீரும் இறைக்கிறோம். அதற்கு மேலே உள்ளவர்களின் பெயரைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் விடை இல்லை. அந்த இடத்தில்தான் இவருடைய பணி தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றியது. இதை வெறும் எழுத்து வேலையாக என்னால் எண்ண முடியவில்லை. இறைவன் திருமுன் விளக்கேற்றுவதற்கு ஒப்பான தொண்டு இது.

அந்தத் தொண்டின் உழைப்பும் பெரிது. மழைக்காலத்து ஈரம், கரையான், மை வெளிறிப் போதல் ஆகியவற்றால் சிதையும் தாள்களை அவர் ஜ்வாலாப்பூரில் உள்ள தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று, இரவில் புதிய தாள்களில் பெயர்த்து எழுதுகிறார். எழுதியதை மகன் வாசிக்க, தாம் மூலத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறார். இப்பொழுது வழக்கொழிந்துபோன லண்டா எழுத்தில் பழைய பதிவுகள் இருப்பதால், அதையும் மகனுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறார். சொத்து வழக்குகளில் நீதிமன்றங்களுக்குக் கூட இந்தப் பதிவேடுகள் சான்றாகச் சென்றிருக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் ஹரித்துவாரின் பஹிகளை நுண்படச் சுருள்களாகப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. ஆயினும், சொன்ன ஊரைக் கொண்டு சில நிமிடங்களில் உரிய பக்கத்தைத் திறக்கும் நினைவாற்றல் அந்தச் சுருள்களுக்கு இல்லை.

ஒரு குறை என் மனத்தை உறுத்தியது. பழைய பக்கங்களில் பெண்களின் பெயர்கள் மிக அரிதாகவே வருகின்றன. அதை நான் மெல்லக் கேட்டேன். தம் முன்னோர்கள் அக்கால வழக்கப்படி எழுதினார்கள் என்றும், சொல்பவர்கள் சொன்னால் தாம் மகள்களையும் மருமகள்களையும் விடாமல் எழுதுவதாகவும் அவர் சொன்னார். உடனே பெரியவர் தம் இரு மகள்கள், பேத்திகள், தமையனாரின் துணைவியார் என அனைவரையும் சொல்லி எழுதவைத்தார். அண்ணியின் பிறந்த ஊர் நினைவுக்கு வராமல், லூதியானாவிலுள்ள மகளைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுச் சொன்னார். பிறகு தேதியிட்டுக் கையொப்பமிட்டார். தட்சிணை இவ்வளவு என்று புரோகிதர் கேட்கவில்லை. கொடுத்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அருகிலுள்ள கன்கலில் தட்சேசுவரரைத் தரிசித்துவிட்டு அன்று மாலையே திரும்பினோம். இந்த ஏடுகளில் பெரும்பாலானவை வடநாட்டுக் குடும்பங்களுடையவை. உங்கள் நண்பர்களில் யாரேனும் தேடிச் செல்வதாக இருந்தால், பூர்விக கிராமத்தின் பெயர், அதன் பழைய மாவட்டம், கோத்திரம், தெரிந்தவரையில் முன்னோர் பெயர்கள், கூடவே வீட்டுப் பெண்களின் பெயர்கள் ஆகியவற்றை வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். ஆரத்திக் கூட்டம் சேர்வதற்கு முன்னால், காலையிலேயே போவது நல்லது.