ஆவி நல்லா வந்திருக்கு

தாராவியில் இட்லி அவிக்கிற அக்காவைப் படமெடுக்கப் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "லைட்டப் போடட்டுமா தம்பி?"

"வேண்டாம்க்கா, பையன் தூங்குறான்ல" என்றேன்.

"அவன் இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தார். பையன் வெறும் சாக்கு. எனக்கு அந்த இருட்டு வேண்டியிருந்தது.

விடிகாலை மூன்றரை. அடுப்பு நெருப்பும் சந்தில் தொங்கிய ஒரு குண்டு பல்பும்தான் வெளிச்சம். கொப்பரை மூடியைத் திறந்தால் ஆவி வெள்ளையாக எழும்பும். எச்பி5 என்கிற கறுப்பு வெள்ளை பிலிம், வேகம், அதாவது வெளிச்சத்தை வாங்கும் திறன், 400. அதை 1600 என்று வைத்துக்கொண்டு, லென்ஸை எஃப் 1.8க்கு அகலத் திறந்து, 1/15 நொடி, மூச்சைப் பிடித்து எடுத்தேன். வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஆவியைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. மீட்டருக்கு வெள்ளை தெரியாது, எல்லாமே அதற்குச் சாம்பல்தான்; வெள்ளையை அளந்தால் மற்றதெல்லாம் இருட்டில் போய்விடும். இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம். ரெண்டடி நகர்ந்து முகத்தருகே அளந்திருக்கலாம். ஆனால் அதற்குள் ஆவி அடங்கியிருக்கும்.

மைக்ரோஃபென் என்கிற டெவலப்பரில், 20 டிகிரியில், 11 நிமிடம் கழுவினேன். வெள்ளை கறுப்பாகத் தெரிகிற நெகட்டிவில் ஆவி கன்னங்கரேலென்று இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பிலிம். இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருந்தால் வந்திருக்குமா என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள். வராது. வெளிச்சம் படாத இடத்தில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் ஒன்றும் முளைக்காது. வெள்ளைதான் இன்னும் வெளுக்கும், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் குருணை பெருக்கும். இன்னும் வேகமான டெல்டா 3200 பிலிம் போட்டிருந்தால்? பெயரில்தான் 3200, உண்மை வேகம் 1000 பக்கம். ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சத்துக்குச் சமம், கிடைத்திருக்கும். அக்கா போடட்டுமா என்ற ட்யூப்லைட் அதைவிடத் தாராளமாகக் கொடுத்திருக்கும், அதுவும் சும்மா.

பத்திரிகையில் படம் பிடித்துப்போயிற்று. முகம் தெரியாததுதான் அழகு என்றார்கள். நானும் தலையாட்டினேன். இப்போதும் அது நல்ல படம்தான் என்று தோன்றுகிறது, அதுதான் சிக்கல்.

பிரிண்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா மாவுக் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வாசலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஆவி நல்லா வந்திருக்கு தம்பி" என்றார். கிண்டலில்லை. இட்லி அவிக்கிறவர் ஆவியைத்தானே முதலில் பார்ப்பார் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அங்கேயே ஒருமுறை கேட்டும் பார்த்தேன். "லைட்டப் போட்டு இன்னொண்ணு எடுக்கட்டுமாக்கா?"

"அதான் எடுத்தாச்சே" என்று தட்டில் நாலு இட்லியை வைத்து நீட்டினார்.