அத்தை சொன்ன உகாணா

மும்பை முலுண்டில் எங்கள் கட்டடத்தில் சங்கராந்தி தொடங்கி ரதசப்தமிக்குள் வீட்டுக்கு வீடு ஹல்தி குங்கு நடக்கும். மஞ்சள், குங்குமம், எள்ளுருண்டை, கூடவே ‘வாண்’ என்று சின்ன எவர்சில்வர் கிண்ணமோ பிளாஸ்டிக் டப்பாவோ தருவார்கள். நம் ஊர் கொலு வெற்றிலை பாக்கு மாதிரிதான். பொங்கலுக்குக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமியாரையும் கூட்டிப்போனேன்.

உள்ளே நுழைந்தால் முக்கால்வாசிப் பேர் கறுப்புப் புடவை. “நல்ல நாளும் அதுவுமா?” என்று என் காதைக் கடித்தார் அத்தை. சங்கராந்திக்கு மட்டும் இங்கே கறுப்புதான் விசேஷம், குளிருக்கு இதமாம் என்றேன். “மும்பைல ஏதுடி குளிர்?” என்றார். அதுவும் சரிதான்.

அப்புறம் “நாவ் க்யா, நாவ் க்யா” (பேரைச் சொல்லுங்க) என்று ஆரம்பித்தார்கள். ஓசை ஒத்துவருகிற மாதிரி இரண்டு வரி கட்டி, அதற்குள் கணவர் பெயரைச் செருகிச் சொல்ல வேண்டும். இதுதான் உகாணா.

அத்தையோ ரேஷன் கடையில் கணவர் பெயர் கேட்டால் கார்டை நீட்டுகிறவர். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டால் என்னை இடித்து, “நீ சொல்லு” என்பார். மாமனார் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. பண்டரிபுரத்துச் சாமியின் பெயர்களில் ஒன்று, அவ்வளவுதான். (என் வீட்டுக்காரரை நான் ‘டா’ போடுவது வேறு கதை. அத்தை வந்தால் அவர் ‘இங்க பாருங்க’ ஆகிவிடுவார்.)

அத்தையின் முறை வந்தது. எழுந்து நின்று இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டார். சண்டைக்கு நிற்கிறாரோ என்று எனக்கே பகீரென்றது. பண்டரிபுரத்துச் சாமி நிற்கிற நிலை அது. மராட்டிப் பெண்களுக்கா தெரியாது? “விட்டல்!” என்றார்கள். இல்லை. “விடோபா!” ம்ஹூம். அடுத்த பெயருக்கு அத்தை முகமெல்லாம் வெட்கமாகத் தலையாட்டினார்.

கூட்டம் விடுவதாக இல்லை. அவரே சொல்ல வேண்டுமாம். எதிர்வீட்டுக் காக்கு சமாதானம் செய்தார்: “எங்க பாட்டியும் வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டாங்க. அதுக்குத்தானே உகாணா? பாட்டுக்குள்ள வெச்சுச் சொன்னா தப்பில்ல.” நான் தமிழில் சொன்னேன். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்:

“சந்திரபாகா கரையில செங்கல் மேல நிக்கிறார்,
எங்க வீட்டுக் கூடத்தில சோபா மேல படுக்கிறார்...”

அத்தோடு நிறுத்தி, கல்யாண மண்டபத்தில் மேளக்காரருக்குக் காட்டுவதுபோல் கையை உயர்த்தினார். மொத்தக் கூடமும் மாமனார் பெயரைக் கத்தியது. சோபா சமாச்சாரத்தை நான் மராட்டியில் சொன்னதும் இன்னொரு முறை சிரிப்பு. எல்லார் வீட்டிலும் சோபா இருக்கிறதே.

விஷயம் என் கணவர் மூலமாக ஊருக்குப் போய்விட்டது. ராத்திரி மாமா போனில், “அத்தனை பேர் முன்னாடி என் பேரைச் சொல்லிட்டியாமே?” என்றார்.

“நான் எங்க சொன்னேன்? அவங்கதான் கத்தினாங்க.”

சோபாவைப் பற்றி அத்தை மூச்சுவிடவில்லை.